செங்கோட்டைப் பக்கத்துப் பழைய தபாலாபீஸ்: அஞ்சல் கட்டடமா, பிரிட்டிஷ் தபால் கட்டடமா?

கோட்டைவாசல்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் பழைய செங்கோட்டைத் தாலுகாவில் இருக்கிறது. கடைத்தெரு முடிகிற இடத்தில் பழைய தபாலாபீஸ் கட்டடம் இன்னும் நிற்கிறது. ஆபீஸ் வேறு இடத்துக்குப் போய் ரொம்பக் காலம் ஆகிவிட்டது. கட்டடம் தனியார் சொத்து. வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டதால் ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் இங்கே போடவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்னால் மூன்று வளைவு வைத்த வராந்தா. அதற்கு மேல் சீமை ஓடு போட்ட சரிவுக் கூரை. முகப்பில் முக்கோணச் சுவர். அதில் காரையால் ஏதோ செய்து வைத்திருக்கிறார்கள். வெள்ளை அடித்து அடித்து எல்லாம் மழுங்கிவிட்டது. நடுவில் உருண்டையாக ஒன்று, இரண்டு பக்கமும் திரட்சியாக இரண்டு மேடு. உள்ளே நுழைந்தால் பெரிய கூடம், மேலே தேக்கு விட்டம் போட்ட மட்டப்பா, அதாவது தட்டையான கூரை. அதற்கும் பின்னால் ஒரு சின்ன அறை. அதன் கூரை மட்டும் இரும்பு உத்திரத்தில் நிற்கிறது. தலைவாசல் நிலையில் 1079 என்று செதுக்கியிருக்கிறார்கள். வலது பக்கச் சுவரில் கடிதம் போடுகிற துவாரம், பித்தளை மூடியோடு.

ஊரில் சிலர் இதைத் திருவிதாங்கூர் மகாராஜா கட்டிய அஞ்சலாபீஸ் என்கிறார்கள். சிலர், இல்லை, வெள்ளைக்காரன் தபாலாபீஸ் என்கிறார்கள். எதை வைத்துத் தீர்மானிப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கூரை ஒழுக ஆரம்பித்துவிட்டது. அது என்ன கட்டடம் என்று தெரியாமலே இடிந்துபோவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

தபால்தலைப்பெட்டி:
நல்ல கேள்வி. உங்கள் ஊர்ப்பக்கம் இந்தக் குழப்பம் வருவதற்குக் காரணமே வரலாறுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1956 நவம்பர் 1 வரை செங்கோட்டைத் தாலுகா தமிழ்நாட்டில் இல்லை. திருவிதாங்கூரிலும், 1949-க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. திருவிதாங்கூருக்கு ‘அஞ்சல்’ என்று சொந்தமாக ஒரு தபால் துறை. முதலில் அரசாங்க ஓலைகளைக் கொண்டுபோகத்தான் அது இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார்கள். 1888 அக்டோபரில் முதல் தபால்தலைகள் வந்தன: 1, 2, 4 சக்கரம் (திருவிதாங்கூர்க் காசு). படமாக ராஜா தலை கிடையாது, ஸ்ரீபத்மநாபரின் சங்கு. தாளுக்குள் நீரெழுத்தும் சங்குதான்.

அதே சமயம் திருவிதாங்கூருக்குள்ளேயே பிரிட்டிஷ் இந்தியத் தபாலாபீஸ்களும் தனியாக நடந்தன. திருவனந்தபுரம், கொல்லம், ஆலப்புழை மாதிரி ஊர்களில் இரண்டு ஆபீஸ், இரண்டு பெட்டி, இரண்டு தலை. திருவிதாங்கூர் அஞ்சலின் தலை ஒட்டிய கடிதம் சமஸ்தானத்துக்குள்ளே போகும். பிறகு கொச்சி அஞ்சலோடு ஏற்பாடு செய்துகொண்டதால் அங்கேயும் போகும். ஆனால் பிரிட்டிஷ் சீமைக்குப் போகாது.

இதை உங்கள் ஊரில் வைத்து யோசித்துப் பாருங்கள். செங்கோட்டையிலிருந்து தென்காசி ஐந்து மைல். தென்காசி பிரிட்டிஷ் திருநெல்வேலி ஜில்லா. பெண் கொடுத்த வீடு தென்காசியில் இருந்தால் அந்தக் கடிதத்துக்கு ராணி தலையோ ராஜா தலையோ வேண்டும். மலை தாண்டித் திருவனந்தபுரம் ஹஜூர் கச்சேரிக்கு (சமஸ்தானத் தலைமை அலுவலகம்) மனுப் போட்டால் சங்குத் தலை போதும். ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு ஆபீஸ் வாசலிலும் நின்றிருப்பார்.

1951 ஏப்ரல் 1-ல் அஞ்சல் துறை இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. இரண்டு ஆபீஸ் இருந்த ஊர்களில் அதற்கப்புறம் இரண்டு தேவைப்படவில்லை. எந்தக் கட்டடத்தை வைத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள் என்பதுதான் உங்கள் கேள்வியின் முடிச்சு.

1079 கொல்லம் ஆண்டு. 1903 ஆகஸ்ட் நடுவிலிருந்து 1904 ஆகஸ்ட் நடு வரை. செங்கோட்டை–கொல்லம் மீட்டர்கேஜ் ரயில் பாதை 1904 நவம்பரில் திறந்தது, அதாவது கொல்லம் 1080 கார்த்திகையில். ஆரியங்காவு கணவாயில் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் உங்கள் நிலைவாசலைத் தச்சர் செதுக்கியிருக்கிறார்.

தென்காசித்தூறல்:
தபால்தலைப்பெட்டி அண்ணாச்சி சொன்ன வரலாறு சரி. ஆனால் 1079 என்ற எண்ணை வைத்து அஞ்சலாபீஸ் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கொல்லம் ஆண்டு திருவிதாங்கூருக்கு மட்டும் சொந்தமில்லை. திருநெல்வேலிச் சீமை முழுக்கப் புழங்கியது. எங்கள் பக்கம் பழைய கிரயப் பத்திரங்களிலும் கோயில் கல்வெட்டுகளிலும் கொல்லம் ஆண்டுதான். வீடு கட்டினவர்கள் நிலையில் ஆண்டு செதுக்குவதும் வழக்கம்தான்.

நீங்களே தனியார் சொத்து என்கிறீர்கள். யாரோ ஒரு மிராசுதார் 1904 வாக்கில் வீடு கட்டி, பிற்பாடு தபாலாபீஸுக்கு வாடகைக்கு விட்டிருக்கலாம் அல்லவா? இன்றைக்கும் நாட்டில் ஏகப்பட்ட தபாலாபீஸ்கள் வாடகைக் கட்டடத்தில்தான் நடக்கின்றன. மூன்று வளைவு வராந்தா ஆபீஸுக்கும் பொருந்தும், பெரிய வீட்டுக்கும் பொருந்தும்.

மனசுக்குப் பிடித்த கதையை முதலில் எழுதிவிட்டு, சாட்சியைப் பிறகு தேடினால் கட்டடத்துக்குத்தான் அநியாயம். முதலில் அளந்து, படம் எடுத்து, சுவரையும் கூரையையும் பாருங்கள்.

ஓட்டுக்கூரை:
நான் பழைய கட்டடங்களைச் சரிசெய்கிற வேலையில் இருக்கிறேன். தூறல் சொல்வது நியாயம். பழைய கட்டடத்துக்கு ஒரே ஒரு பிறந்த தேதி கிடையாது. ஒவ்வொரு பாகமாகத் தனித்தனியாக வயது பார்க்க வேண்டும். கோட்டைவாசல், கீழே கேட்பதையெல்லாம் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

முதலில் ஓடு. ஒரு ஓட்டைக் கழற்றி அடிப்பக்கம் திருப்பினால் கம்பெனி முத்திரை இருக்கும். பேசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன்காரர்கள் 1865-ல் மங்களூரில் சீமை ஓடு செய்ய ஆரம்பித்தார்கள். பிறகு கோழிக்கோடு, பாலக்காடு, பேரோக் என்று மலையாளக் கரை முழுக்கத் தொழிற்சாலைகள். முதல் உலகப் போரோடு அந்தச் சொத்துகள் கைமாறிக் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற பெயருக்கு வந்தன. ஆகவே பேசல் மிஷன் முத்திரை இருந்தால் போருக்கு முந்தைய ஓடு, காமன்வெல்த் இருந்தால் பிந்தையது. ஆனால் ஒன்று: ஓடு உடையும், மாற்றுவார்கள், வேறு வீட்டிலிருந்து பழைய ஓட்டை வாங்கிப் போடவும் செய்வார்கள். ஒரு ஓட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உச்சிக்குப் பக்கத்தில், தண்ணீர் விழாத இடத்தில் பத்துப் பதினைந்து பாருங்கள்.

இரண்டாவது, பின் அறை இரும்பு உத்திரம். இரும்பின் பக்கவாட்டில் எழுத்து புடைத்திருக்கும். பெயிண்டைச் சுரண்ட வேண்டாம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். இங்கிலாந்து டார்மன் லாங் உத்திரங்கள் நம் நாட்டுப் பழைய கட்டடங்களில் நிறைய உண்டு. டாடா என்று இருந்தால் 1912-க்குப் பிறகுதான். ஜாம்ஷெட்பூரில் எஃகு வர ஆரம்பித்ததே அந்த வருடம்.

மூன்றாவது, கலவை. முன்பக்கமும் பின் அறையும் ஒரே காரையா? நகத்தால் கீறினால் மாவாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறமாகக் கெட்டியாக இருந்தால் சிமெண்ட். உங்கள் பக்கம் தாழையூத்தில் சிமெண்ட் ஆலை வந்தது 1949-ல். அதற்கு முன்னாலும் சிமெண்ட் கிடைத்தது, ஆனால் ஊர்க் கொத்தனார் கையில் தாராளமாகப் புழங்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

நான்காவது, முகப்பில் உள்ள மேடு. தயவுசெய்து யாரும் கத்தியோ கம்பித் தூரிகையோ எடுத்துச் சுரண்டாதீர்கள். வெள்ளைக்குக் கீழே இருக்கிற காரைச் சிற்பம் வெள்ளையோடு சேர்ந்தே பெயர்ந்து வந்துவிடும். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது படம் எடுங்கள். முகப்பு வடக்கையோ தெற்கையோ பார்த்திருந்தால் இதற்குத் தோதான இடம். வெயில் சாயும் நேரத்தில் சின்ன மேடுகூட நீளமாக நிழல் போடும், உருவம் தானாகத் தெரியும்.

சார்ட்டர்_ஓய்வு:
எல்லோருக்கும் வணக்கம். நான் தபால் துறையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். தந்தி அடிக்கவும் தெரியும். கட்டடக்கலை எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு ஆபீஸ் உள்ளே எப்படி வேலை நடந்தது என்று தெரியும். வேலை எப்படி நடந்ததோ அப்படித்தான் சுவரில் தேய்மானம் இருக்கும். கோட்டைவாசல் தம்பி, இப்படிப் பாருங்கள்.

காலையில் ரயிலிலிருந்து பை வரும். பையை நேராகக் கவுண்டர் பக்கம் கொண்டுவர மாட்டார்கள். பக்கவாட்டு வாசல் வழியாக உள்ளே போகும். அந்த வாசற்படி நடுவில் குழிந்திருக்க வேண்டும். பையின் அரக்கு முத்திரை சரியாக இருக்கிறதா, கட்டின நூல் அறுபட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் வெட்டுவார்கள். பைக்குள் வந்த பட்டியலோடு பதிவுத் தபால்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து எழுதிக்கொள்வார்கள். சாதாரணக் கடிதமெல்லாம் முத்திரை மேஜைக்குப் போகும். முத்திரை குத்துகிறவர் நின்றுகொண்டேதான் குத்துவார். வருடக்கணக்காக ஒரே இடத்தில் நின்று, இடது காலில் பாரம் கொடுத்து, வலது கையை ஓங்கி ஓங்கி அடிப்பார். அந்த இடத்தில் தரை மற்ற இடத்தைவிட வழவழப்பாக இருக்கும். காவித் தரையாக இருந்தால் சாயமே போயிருக்கும்.

அப்புறம் பிரிக்கிற அலமாரி. புறாக்கூண்டு மாதிரி அறை அறையாக இருக்கும். தெருவாரியாகப் பிரித்துப் போடுவோம். அது வடக்கு வெளிச்சம் விழுகிற சுவரில் நிற்கும், முகவரி படிக்க வேண்டுமே. சுவரில் ஆணி அடித்த மரக்கட்டைகள் வரிசையாகப் பதித்திருந்தால் அதுதான் இடம்.

பணப்பெட்டி தரையில் பதித்திருக்கும். நிலத்தோடு சேர்த்து இரும்புப் பட்டையும் மறையும் போட்டு இறுக்கியிருப்பார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாலும் தரையில் நாலு மறைத் துளை மிஞ்சும்.

இப்போது முக்கியமான விஷயம். அஞ்சல் துறைக்குத் தந்தி கிடையாது. தந்தி இந்திய அரசாங்கத்துக் கையில். ஆகவே தந்தி அறை இருந்தால் அது பிரிட்டிஷ் தபாலாபீஸாக இருக்க வேண்டும், இல்லையென்றால் 1951-க்குப் பிறகு சேர்த்த அறையாக இருக்க வேண்டும். பின் அறையில் சுவரோரமாக மரத்தட்டு இருக்கிறதா, அதற்குக் கீழே தரையில் திட்டுத் திட்டாகக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். தந்திக்கு மின்கலம் அடுக்கி வைக்கிற தட்டு அது. கசிந்தால் தரை அரித்துவிடும். சன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறதா என்றும் பாருங்கள். ராத்திரி தந்தி வந்தால் ஆபீஸ் முழுவதையும் திறக்காமல் அந்தச் சன்னல் வழியாகத்தான் தந்திச் சேவகரிடம் கொடுப்போம்.

கல்யாணத் தந்தி, சாவுத் தந்தி என்று எல்லாம் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறோம். 2013 ஜூலையில் தந்தியை மூடினார்கள். அந்த அறைகளை அப்புறம் பழைய காகிதம் போட்டு வைக்கிற அறையாக்கிவிட்டார்கள். பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும்.

சித்தூர்ப்புழை:
பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கதையும் இதே மாதிரி, ராஜா மட்டும் வேறு. பாலக்காடு டவுன் மலபார் ஜில்லா, மதராஸ் மாகாணம். அங்கே பிரிட்டிஷ் தபால். சித்தூர்த் தாலுகா கொச்சி ராஜ்யம். இங்கே கொச்சி அஞ்சல். 1892-ல் தலை வெளியிட்டார்கள், விலை புத்தன் என்ற கொச்சிக் காசுக் கணக்கில். கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குப் பொள்ளாச்சியில் சம்பந்தம் இருக்கும். எல்லை தாண்டுகிற கடிதத்துக்கு வேறு தலை.

கட்டட விஷயத்தில் ஒன்று. எங்கள் பக்கம் அந்தக் காலத்து அரசாங்கக் கட்டடங்கள் பெரும்பாலும் வெட்டுக்கல் சுவர், செங்குத்தான ஓட்டுக்கூரை, சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீண்ட இறவாரம். மழைதான் காரணம். தென்மேற்குப் பருவ மழையில் மட்டப்பா தாங்காது. கோட்டைவாசல் அண்ணன் சொல்வதில் முன்பக்கம் மலையாள ஓட்டுக்கூரை, பின்னால் மதராஸ் மட்டப்பா, இரண்டும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. இது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. செங்கோட்டைக்குச் சாரலும் உண்டு, கிழக்குச் சீமை வெயிலும் உண்டு. கட்டினவர் இரண்டு பக்கமும் வேலை பார்த்த கொத்தனாராக இருக்க வேண்டும்.

மயிலைவாசி:
இடையில் ஒரு விஷயம். அந்த மலையாள ஓட்டுக்கூரை சம்பந்தமாகத்தான்.

சென்னை ராஜாஜி சாலை ஜி.பி.ஓ. (தலைமைத் தபாலாபீஸ்) கட்டடத்தை 1884-ல் முடித்தவர் ராபர்ட் சிஸோம். அதற்கு நாலு வருடம் முன்னால், 1880-ல், அவர் வடிவமைத்த நேப்பியர் மியூசியம் திருவனந்தபுரத்தில் கட்டி முடிந்தது. திருவிதாங்கூர்த் தச்சர்களின் சரிவுக் கூரையையும் முகப்பு மரவேலையையும் அங்கே பார்த்துப் பழகியவர், மதராஸ் தபாலாபீஸ் கோபுரங்களுக்கும் திருவிதாங்கூர்ப் பாணித் தொப்பிக் கூரை வைத்தார். ஆக, மதராஸின் மிகப் பெரிய பிரிட்டிஷ் தபாலாபீஸிலேயே மலையாளக் கூரையின் சாயல் ஏறியிருக்கிறது. கூரை வடிவத்தைப் பார்த்து இது ராஜாவுடையது, இது வெள்ளைக்காரனுடையது என்று பிரிப்பது அவ்வளவு சுலபமில்லை. தூறலின் எச்சரிக்கைக்கு நானும் கை தூக்குகிறேன்.

கோட்டைவாசல்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நீங்கள் சொன்னபடி வீட்டுக்காரரிடம் சாவி வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஓடு: உச்சிப் பக்கம் பார்த்ததில் இரண்டு வகை கலந்திருக்கிறது. பேசல் மிஷன் முத்திரைதான் அதிகம். இறவாரத்துப் பக்கம் எல்லாம் புது ஓடு.

இரும்பு உத்திரம்: டாடா.

கலவை: முன்பக்கமும் கூடமும் சுண்ணாம்பு, சந்தேகமே இல்லை. பின் அறை சிமெண்ட். கூடத்துச் சுவரும் பின் அறைச் சுவரும் சேருகிற மூலையில் மேலிருந்து கீழ் வரை நேர்க்கோடாக ஒரு விரிசல். கல்லோடு கல் பின்னவில்லை. பின்னால் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள்.

சார்ட்டர் ஐயா சொன்ன தரை: ஐயா, அப்படியே இருக்கிறது. கூடத்தின் வடக்குச் சன்னலுக்கு இரண்டு அடி தள்ளி, ஒரு ஆள் நிற்கிற அளவுக்குத் தரையில் காவி போய் உள்ளே இருக்கிற சாம்பல் நிறம் தெரிகிறது. பக்கத்துச் சுவரில் மரக்கட்டைகள் வரிசையாகப் பதித்திருக்கின்றன. பக்கவாட்டு வாசற்படி கருங்கல், நடுவில் நன்றாகக் குழிந்திருக்கிறது. பின் அறையில் மரத்தட்டு இல்லை. ஆனால் சுவரில் அதைத் தாங்கின இரும்பு முளைகள் மூன்று மிச்சம். அதற்கு நேர் கீழே தரை அரித்துப் போயிருக்கிறது. சன்னல் தெருவைப் பார்த்துத்தான் இருக்கிறது. மற்ற சன்னல்களைவிடத் தாழ்வாக, கை நீட்டி வாங்குகிற உயரத்தில்.

முகப்பு தெற்குப் பார்த்தது. வெயில் சாயும் நேரத்தில் படம் எடுத்தேன். இடது பக்க மேட்டில் தும்பிக்கை தெளிவாகத் தெரிகிறது, வளைந்து மேலே தூக்கினபடி. வலது பக்கம் பாதி பெயர்ந்துவிட்டது, காது மட்டும் தெரிகிறது. நடுவில் உள்ளது கீழே கூராக, மேலே சுருள் சுருளாக இருக்கிறது. அதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் தெருவிலேயே நின்றுவிட்டேன். சிறு வயதில் அந்த வாசலில் இன்லாண்டு லெட்டர் வாங்க எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன், ஒருநாளும் மேலே பார்த்ததில்லை.

தபால்தலைப்பெட்டி:
இரண்டு யானை, நடுவில் வலம்புரிச் சங்கு. திருவிதாங்கூர் அரச முத்திரையேதான்.

தென்காசித்தூறல்:
யானையும் சங்கும் நல்ல சாட்சி, ஒத்துக்கொள்கிறேன். தனி ஆள் வீட்டில் சங்கு வைப்பார். யானை இரண்டையும் சேர்த்து அரச முத்திரையை அப்படியே வைப்பது அரிது. ஆனால் இதிலிருந்து தெரிவது அரசாங்கக் கட்டடம் என்பது மட்டும்தான். தாலுகாவில் கச்சேரி, சுங்கச் சாவடி, சத்திரம், பள்ளிக்கூடம் என்று எத்தனையோ அரசாங்கக் கட்டடம் இருந்திருக்கும். ஆரியங்காவுப் பாதையில் இருக்கிற ஊருக்குச் சுங்கம் ரொம்பப் பொருத்தம். முதலில் சுங்கச் சாவடியாக இருந்து பிறகு அஞ்சலுக்குக் கொடுத்திருக்கலாம்.

கடிதம் போடுகிற துவாரத்தைப் பற்றி நீங்கள் இன்னும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு முக்கியம். சுவர் கட்டும்போதே விட்ட துவாரமா, பின்னால் உடைத்துச் செய்ததா?

ஓட்டுக்கூரை:
தூறல் கேட்டது மிகச் சரியான கேள்வி. துவாரத்துக்கு மேலே சின்னக் கல் பாலமோ செங்கல் வளைவோ இருந்தால் கட்டும்போதே வைத்தது. உடைத்துச் செய்தது என்றால் ஓரம் எல்லாம் ஒழுங்கில்லாமல் இருக்கும், சுற்றிலும் வேறு கலவை பூசி அடைத்திருப்பார்கள். உள்பக்கத்திலிருந்து பாருங்கள், வெளியே பித்தளைத் தகடு மறைத்துவிடும்.

கோட்டைவாசல்:
உள்பக்கம் பார்த்துவிட்டேன். மேலே மூன்று செங்கல்லை நிறுத்தி வைத்துச் சின்ன வளைவு கட்டியிருக்கிறார்கள். சுற்றிலும் கூடத்துச் சுவரில் உள்ள அதே சுண்ணாம்புக் காரை. துவாரத்தின் அடிப்பக்கம் உள்நோக்கிச் சரிவாக வழித்துப் பூசியிருக்கிறது, கடிதம் வழுக்கி விழுவதற்கு. இன்னொன்று: பித்தளை மூடியில் ஒரு பக்கத் திருகு பழையது, இன்னொரு பக்கத் திருகு புதியது. மூடிக்கு அடியில் முந்தைய தகட்டின் ஆணித்துளைகள் தெரிகின்றன. முந்தைய தகடு இப்போது இருப்பதைவிட அகலம்.

தென்காசித்தூறல்:
அப்படியானால் கட்டும்போதே கடிதம் வாங்குகிற இடமாகத்தான் கட்டியிருக்கிறார்கள். 1079, யானைச் சங்கு, சுவரோடு கட்டிய துவாரம், மூன்றும் சேர்ந்தால் அஞ்சலாபீஸ்தான். தகடு மாற்றியது 1951-ல் துறை மாறினபோது என்று எனக்குத் தோன்றுகிறது. பின் அறை அதற்கப்புறம் தந்திக்காகச் சேர்த்தது. எனக்கு இனி ஆட்சேபணை இல்லை.

தனியார் கைக்கு எப்படிப் போனது என்பது தனி விஷயம். அதற்குப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்க வேண்டும். 1956-க்கு முந்தைய அரசாங்கக் கோப்புகள் திருவனந்தபுரத்தில் கேரள ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டியவை. இது நம் எல்லைப் பகுதிக்கே உள்ள சங்கடம்: கட்டடம் ஒரு மாநிலத்தில், காகிதம் இன்னொரு மாநிலத்தில். பத்மநாபபுரம் அரண்மனை கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது, பராமரிப்பதோ கேரளத் தொல்லியல் துறை. அரண்மனைக்காவது ஆள் இருக்கிறது. சின்ன ஊர் அஞ்சலாபீஸுக்கு இரண்டு பக்கமும் ஆள் இல்லை.

நகரிப்பக்கம்:
ஆந்திர எல்லையிலிருந்து ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் ராஜா அஞ்சல் எல்லாம் கிடையாது, முழுக்க மதராஸ் மாகாணத் தபால்தான். 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது, நகரியும் புத்தூரும் ஆந்திராவில் நின்றன. பழைய தபாலாபீஸ் கட்டடம் எங்கள் ஊரில் இடித்துக் கடையாகிவிட்டது. ஒரு படம்கூட யாரிடமும் இல்லை. உங்கள் கட்டடத்தை எப்படியாவது அளந்து வரைந்து வைத்துவிடுங்கள் அண்ணே.

ஓட்டுவீட்டுப்பேரன்:
வணக்கம். அந்தக் கட்டடம் எங்கள் குடும்பத்துடையது. கோட்டைவாசல் அண்ணாச்சி இந்த இழையைக் காட்டினார், முழுவதும் படித்தேன். முகப்பில் யானை இருக்கிறது என்று எங்களுக்கே தெரியாது. தாத்தா ஏலத்தில் எடுத்த கட்டடம் என்று மட்டும் வீட்டில் சொல்வார்கள்.

எங்கள் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். கூடத்து மட்டப்பா ஒழுகுகிறது. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு காண்ட்ராக்டர் மேலே சிமெண்ட் பூசி, அதற்கு மேல் ஏதோ கறுப்புத் தாரும் போட்டுக் கொடுத்தார். இரண்டு மழைக்குத் தாங்கியது. இப்போது முன்னைவிட மோசமாக ஒழுகுகிறது. விட்டத்தில் ஈரம் தெரிகிறது. எல்லாவற்றையும் இடித்துவிட்டு கான்கிரீட் போடச் சொல்கிறார்கள். எங்களுக்கு இடிக்க மனசில்லை. ஆனால் செலவு எவ்வளவு இழுக்குமோ என்று பயமாக இருக்கிறது. வழி சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

ஓட்டுக்கூரை:
தம்பி, இடிக்க வேண்டாம். முதலில் அந்த மட்டப்பா எப்படிக் கட்டினது என்று சொல்கிறேன், அப்போதுதான் எங்கே தப்பு நடந்தது என்று புரியும்.

தேக்கு விட்டங்களை ஒன்றரை அடி இடைவெளியில் போட்டு, மேலே மெல்லிய சின்னச் செங்கற்களை நிறுத்தினவாக்கில், மூலைவாட்டமாக, சுண்ணாம்புக் கலவையில் வரிசையாக ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே பலகை முட்டுக் கிடையாது. கல்லோடு கல் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாலு விரல் கனத்துக்குப் போட்டு, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். கட்டை திரும்பித் துள்ளுகிற வரை அடிப்பார்கள். கடைசியில் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு, பதித்து முடிப்பார்கள். ஊரில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே அடிப்பதை எங்கள் பாட்டி தலைமுறை பார்த்திருக்கிறது.

இந்தக் கூரை ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் திருப்பி விட்டுவிடும். அதுதான் அதன் உயிர். மேலே சிமெண்டும் தாரும் போட்டதும் அந்த வழி அடைபட்டுவிட்டது. சிமெண்ட் வெயிலில் வெடிக்கும், வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கும், இறங்கின தண்ணீர் மேலே போக முடியாமல் விட்டத்தைத் தேடிப் போகும். விட்டம் பெரும்பாலும் சுவருக்குள் செருகின முனையில்தான் முதலில் உளுக்கும், கண்ணுக்குத் தெரியாது.

செய்ய வேண்டியது இது. தை, மாசியில், மழை இல்லாத சமயத்தில், தாரையும் சிமெண்டையும் உளியால் மெதுவாக எடுக்க வேண்டும். இயந்திரம் வைத்து உடைக்கக் கூடாது, அதிர்ச்சியில் கீழே செங்கல் கழன்றுவிடும். விட்டத்து முனைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். பொத்தென்று சத்தம் வந்தால் அந்த முனையை மட்டும் வெட்டிப் புதுத் தேக்குச் சேர்க்கலாம். முழு விட்டத்தையும் மாற்ற வேண்டியதில்லை. ஜல்லித் தளம் நன்றாக இருந்தால் அப்படியே விட்டு, மேலே புதிதாகச் சுண்ணாம்புப் பூச்சும் தட்டோடும் போட்டால் போதும். மழைநீர்க் குழாய் வாயை முதலில் பாருங்கள். பாதிக் கூரைகள் ஒழுகுவது குழாய் வாயில் இலை அடைத்துத் தண்ணீர் தேங்குவதால்தான். ஆல், அரசு முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள், வேர் செங்கல்லைப் பெயர்த்துக்கொண்டு வரும். வெட்டிவிட்டு வேரைச் சாகடிக்க வேண்டும்.

செலவு கான்கிரீட்டைவிட அதிகமாகாது என்று என் அனுபவத்தில் சொல்வேன், ஏனென்றால் பாதி வேலை ஏற்கெனவே மேலே இருக்கிறது. ஆனால் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் வேண்டும். செட்டிநாட்டுப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், நான் கேட்டுச் சொல்கிறேன். சுண்ணாம்பை இப்போதே வாங்கித் தண்ணீரில் ஊற வைத்துவிடுங்கள். ஊற ஊறத்தான் நல்லது.

முகப்பு யானைக்கு இப்போது எதுவும் செய்ய வேண்டாம். ஒரே ஒரு காரியம்: இனிமேல் அதன் மேல் யாரும் எமல்ஷனோ சிமெண்ட் பெயிண்டோ அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சார்ட்டர்_ஓய்வு:
பேரன் தம்பி, கூரை வேலை பார்க்கும்போது காவி போன அந்தத் தரைக்கு மேல் டைல்ஸ் ஒட்டிவிடாதீர்கள். இது என் வேண்டுகோள். அங்கே நின்றவர் யார் என்று நமக்குத் தெரியாது. ஊருக்கு வந்த அத்தனை கடிதமும் அவர் கை வழியாகப் போயிருக்கிறது. அந்த இடம் அப்படியே இருக்கட்டும்.

ஓட்டுவீட்டுப்பேரன்:
கட்டாயம் ஐயா. அப்பாவிடமும் பேசிவிட்டேன், இடிக்கிற பேச்சை இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறோம். தாத்தாவின் தகரப் பெட்டியில் பழைய பத்திரங்கள் இருக்கின்றன, சில மலையாள எழுத்து. யாராவது படித்துச் சொல்ல முடியுமா?

சித்தூர்ப்புழை:
பழைய கை எழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை, எனக்குப் படிக்க வரும். நேரில் வருகிறேன். பத்திரத்தை மடித்த இடத்தில் பிரிக்காமல் வையுங்கள், காகிதம் விட்டுப்போகும்.

ஓட்டுக்கூரை:
நானும் வருகிறேன். அளந்து வரைவதற்கு நாலு பேர் இருந்தால் ஒரே நாளில் முடித்துவிடலாம். அளவு நாடா, தூக்குக்குண்டு என்னிடம் இருக்கிறது. உயரமான ஏணி மட்டும் வேண்டும்.

தென்காசித்தூறல்:
ஏணி நான் தென்காசியிலிருந்து கொண்டுவருகிறேன். சார்ட்டர் ஐயாவையும் பஸ் ஸ்டாண்டில் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். எந்த வாசல் வழியாக எது போனது என்று அவர் சொல்லச் சொல்லத்தான் படத்தில் பெயர் எழுத வேண்டும். கோட்டைவாசல், சாவி உங்கள் பொறுப்பு.